வாடகை நஷ்டமா, வங்கி வீடு லாபமா? சென்னையில் வீடு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி படிப்படியாகக் குறைத்து, ஜூன் மாதத்தில் 5.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கடன் வட்டியும் இறங்கியது. "வீடு வாங்க இதுவே நேரம்" என்ற விளம்பரங்கள் பெருகின. ஜும்ஆ முடிந்ததும் இளைஞர்கள் கேட்கும் கேள்வியும் மாறியிருக்கிறது: "ஹஜ்ரத், வாடகைக்குக் கொடுக்கிற பணத்தைச் சொந்த வீட்டுக்குத் தவணையாகக் கட்டினால் என்ன?"

'வட்டி ஹராம்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்களை ஓதியவருக்கு அதில் ஐயம் இல்லை. கேட்பவருக்கும் அது தெரியும். வாடகை வீண் செலவு, தவணை சேமிப்பு என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புறநகரில் 70 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கையில் 20 லட்சம் இருக்கிறது. 50 லட்சம் கடன், வட்டி 8 சதவீதம், 20 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 41,800 ரூபாய். மொத்தம் கட்டுவது 1 கோடிக்குச் சற்று மேல். முதல் ஆண்டில் கட்டும் 5 லட்சத்தில் ஏறக்குறைய 4 லட்சம் வட்டிக்கே போய்விடும்; அசலில் கழிவது 1 லட்சம்தான். இது தவிர கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 6 லட்சத்துக்கும் மேல் தனியாக வேண்டும்.

அதே வீட்டுக்கு வாடகை 20,000 ரூபாய் என்றால், மாதம் 33,000 ரூபாய் வட்டியாகக் கொடுப்பவர் வாடகைக்காரரைவிட அதிகம் இழக்கிறார். வாடகைக்குக் குடியிருக்க இடம் கிடைக்கிறது. வட்டி, பணத்துக்குக் கொடுக்கும் வாடகை. முன்னதை மார்க்கம் ஆகுமாக்கியிருக்கிறது, பின்னதைத் தடுத்திருக்கிறது. உங்கள் பகுதி வாடகையையும் விலையையும் விசாரித்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வீட்டின் விலை ஏறுமே என்பார்கள். ஏறலாம். ஆனால் தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துவைப்பவருக்கு, வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் கூடினாலும் 10 ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் சேரும். முதலில் இருந்த 20 லட்சத்தோடு 40 லட்சம். இதற்கு ஆண்டுதோறும் ஜகாத் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. அன்றைய விலையில் அதே வீடு கிடைக்காமல் போகலாம். சிறிய வீடோ தள்ளியிருக்கும் மனையோ கிடைக்கும். அதில் கடனும் இருக்காது, வட்டியும் இருக்காது.

ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 1999-ல் வங்கிக்கடனில் வீடு வாங்க அனுமதித்ததே என்று சிலர் ஆதாரம் காட்டுகிறார்கள். அது மேற்கத்திய நாடுகளில் வாழும் முஸ்லிம்களுக்காக, வேறு வழி இல்லாத நிலையில், தான் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனைகளோடு வந்தது. அதையே உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. சொந்த ஊரில் பூட்டிய வீடு ஒன்றை வைத்துக்கொண்டு, பல்லாவரத்தில் இரண்டாவது வீட்டுக்குக் கடன் கேட்பவருக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை.

வங்கியைத் தவிர்க்க ஒத்திக்குப் போகிறவர்களும் உண்டு. 10 லட்சம் கொடுத்து மூன்று ஆண்டுகள் வாடகையின்றி இருந்துவிட்டு, பணத்தை முழுதாகத் திரும்ப வாங்குவது கொடுத்த கடனுக்குப் பலன் பெறுவதாகும். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் நிபந்தனையிட்டுப் பெறும் அத்தகைய பலனை வட்டி என்றே சொல்கிறார்கள். சட்டப்படியும் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்தவர், வீட்டின் மேல் வேறு கடன் இருப்பது தெரியவரும்போது தவித்து நிற்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. "வாடகைக்கே இருங்கள் என்கிறீர்கள். பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்கிறார்களே?" உண்மைதான். பெருநகரங்களில் முஸ்லிம் குடும்பங்கள் அனுபவிக்கும் வேதனை இது. பலரைச் சக்திக்கு மீறிய கடனில் தள்ளுவது ஆடம்பர ஆசையைவிட இந்த அவமானம்தான். அவர்களிடம் பொறுமையை மட்டும் போதிப்பது நியாயமாகாது.

அரசு வழியும் அடைபட்டிருக்கிறது. ரகுராம் ராஜன் குழு 2008-லேயே வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. இஸ்லாமிய வங்கி யோசனையை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் தெரிவித்துவிட்டது. பக்கத்தில் இலங்கையில் அமானா வங்கி 2011 முதல் இயங்குகிறது. நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எனவே வழியை நாம்தான் உண்டாக்க வேண்டும். விற்பவரிடமே தவணை பேசலாம். ரொக்க விலையைவிடக் கூடுதலான ஒரு விலையை முதலிலேயே முடிவு செய்து, தாமதமானாலும் ஏற்றாமல் தவணையில் கட்டுவது வியாபாரம்தான்; அதை நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் அனுமதித்துள்ளனர். சகோதரர்கள் கூட்டாக வாங்கி, குடியிருப்பவர் மற்றவர் பங்குக்கு வாடகை கொடுத்தபடியே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கலாம். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் 282-ஆம் வசனம் உறவினருக்கு விலக்கு அளிக்கவில்லை. வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பாருங்கள். புதிய குடியிருப்பு என்றால் ரெரா பதிவையும் பாருங்கள். 'ஹலால் லாபம்' என்று ஆசை காட்டுவோரிடம் வீட்டுச் சேமிப்பைக் கொடுக்காதீர்கள். 2019-ல் பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்ட பாடு போதும்.

ஜமாஅத்துகளுக்கும் வசதி படைத்தோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்னொரு திருமண மண்டபம் கட்டும் முன், வக்ஃப் இடத்தில் நியாயமான வாடகைக்குப் பத்து வீடுகள் கட்ட முடியுமா என்று யோசியுங்கள். நம்மில் வீடு வைத்திருப்பவர்களும் நம் பிள்ளைகளிடம் 10 மாத அட்வான்ஸ் கேட்பதைக் குறைக்கலாம்.

விசாலமான வீட்டை நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அதை விரும்புவதில் குறை இல்லை. வட்டி இல்லாமல் வாங்கும் வசதி இருப்பவர் தயங்காமல் வாங்கட்டும். இல்லாதவர் வாடகை வீட்டில் தலைநிமிர்ந்து இருக்கட்டும், உறவுக்காரர்களின் "இன்னும் வாடகைதானா?" என்ற கேள்விக்காக 20 ஆண்டு உழைப்பை அடகு வைக்க வேண்டாம். நம் அனைவருக்கும் அல்லாஹ் ஹலாலான வழியில் நிம்மதியான இல்லத்தைத் தருவானாக!