கண்ணாடிப் பொட்டியும் முந்திரிக்காட்டுப் புழுதியும்

கம்ப்யூட்டர் வாங்கப் போனா கடைக்காரர் மொதல்ல காட்டுறது கலர் கலரா லைட் எரியுற கேபினட்டைத்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காத்து எந்த வழியா சாமி உள்ள போகும்?

எங்க ஆண்டிமடத்துல முந்திரிக்காட்டுச் செம்மண் புழுதி, போதாததுக்கு மே மாச வெயில். காத்து போகலைன்னா ஃபேன் வேகமெடுக்கும், வேகமெடுத்தா இரையும். போன கோடையில நான் ராத்திரி பதிவு எழுத உட்கார்ந்தா, அதே ரூம்ல படுத்திருக்கிற அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. முன்பக்கக் கண்ணாடியைக் கழட்டி வெச்ச பிறகுதான் சத்தம் அடங்குச்சு. இதுக்கா காசு குடுத்தேன்?

முன்பக்கம் வலை, கழட்டிக் கழுவுற மாதிரி தூசி ஃபில்டர், 120 இல்லேன்னா 140 மி.மீ. ஃபேன். இவ்ளோதாங்க வேணும். சின்ன ஃபேன் அலறிக்கிட்டுத் தள்ளுற காத்தைப் பெரிய ஃபேன் மெதுவாச் சுத்தியே தள்ளிடும்.

பிராசசருக்கு ஆயிரம் ஆயிரமா கொட்டுறோம், பொட்டிக்கு மட்டும் 'ஏதாவது ஒண்ணு குடுங்க'ங்கிறோம். அடுத்த தடவை கடைக்காரர் லைட்டைப் போட்டுக் காட்டினா, ஃபேனைப் போடச் சொல்லி காதை வெச்சுக் கேளுங்க!