கையில் இல்லாத அட்டை

பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. தபால் முத்திரை, பழைய நாணயம், தீப்பெட்டிப் படம் என ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு மோகம் இருந்து வந்திருக்கின்றது. இக்காலத்து இளைஞரைப் பற்றியிருக்கும் மோகங்களுள் ஒன்று, விளையாட்டு வீரரின் படத்தைத் தாங்கிய டிஜிட்டல் அட்டையை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பதாகும்.

வீரர் படத்தைச் சேர்க்கும் வழக்கம் புதியதன்று. அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஒன்று 1909ஆம் ஆண்டு முதல் சிகரெட் பெட்டிகளில் பேஸ்போல் வீரர் படங்களை வைத்து விற்றது. அவற்றுள் ஹோனஸ் வாக்னர் என்பாரின் அட்டைகள் மிகச் சிலவே எஞ்சின. அவ்வட்டைகளுள் ஒன்று 2022 ஆகஸ்டில் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்வட்டையின் அச்சிடல் விரைவிலேயே நிறுத்தப்பட்டமையும் காலமும் அதன் அருமைக்குக் காரணம். கிழிந்தவை, தொலைந்தவை, குப்பையிற் போனவை போக எஞ்சியதற்கே அவ்விலை.

டிஜிட்டல் அட்டையிலோ அருமை முன்கூட்டியே நிச்சயிக்கப்படுகின்றது. ஒரு நிறுவனம் விளையாட்டுச் சங்கத்திடமோ வீரரிடமோ உரிமை பெற்று, ஒரு படத்தையோ சில விநாடிக் காட்சியையோ எடுத்து, அதற்கு இத்தனை பிரதிகளே என வரையறுத்து இலக்கமிடுகின்றது. எந்தப் பிரதி எவருக்கு உரியது என்பது பல கணினிகளில் ஒருங்கே பேணப்படும் ஒரு பேரேட்டில் எழுதப்படும். பெரும்பாலும் உள்ளே யார் படம் இருக்கின்றது என்று அறியாமலே மூடிய உறையாக வாங்க வேண்டும். வாங்கியதை மற்றொருவருக்கு விற்கலாம். விற்குந்தோறும் நிறுவனத்துக்குத் தரகு உண்டு. 2021 பெப்ரவரியில் கூடைப்பந்து வீரர் லெப்ரோன் ஜேம்ஸின் காட்சி ஒன்று 208,000 டொலருக்கு விற்கப்பட்டபோது உலகமே வியந்தது.

அந்த அலை துடுப்பாட்டத்தையும் தொட்டது. ‘ராரியோ’ என்னும் நிறுவனம் துடுப்பாட்ட வீரரின் அட்டைகளை விற்க முற்பட்டு, 2022இல் 12 கோடி டொலர் முதலீடு பெற்றது. நம் பகுதிப் பிள்ளைகளின் துடுப்பாட்டப் பித்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே மாதத்தில் ஐ.பி.எல். களத்தில் இறங்கிய பின்னர் அப்பித்துப் பன்மடங்காயிற்று. இத்தகைய அபிமானம் இருக்குமிடத்தை வணிகம் தேடி வரும்; அதற்குக் கைத்தொலைபேசி ஒன்றே போதுமான வாயில். ஆதலின், வாங்கப்படும் பொருள் யாது என இப்போதே நாம் ஆராய்ந்து கொள்வது நன்று.

படத்தை வாங்குகின்றோமா? அதனை எவரும் காசின்றிப் பார்க்கலாம். வீரரின் பெயரையும் புகழையுமா? தன்னிடமுள்ள தனியுரிமையைக் காட்டி, அதே வீரரின் சித்திரங்களை வெளியிட்ட போட்டி நிறுவனம் ஒன்றைத் தடுக்குமாறு ராரியோ வழக்குத் தொடுத்தது. பொதுவில் எவரும் அறியக்கூடிய பெயரையும் ஆட்ட விபரத்தையும் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்க இயலாதெனக் கூறி, டில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. எஞ்சுவது ஒரு பேரேட்டுப் பதிவும், அந்நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற நம்பிக்கையுமே.

அந்த நம்பிக்கை எத்துணை உறுதியானது? மோட்டார்ப் பந்தயத்தை ஒட்டிய ‘எஃப்1 டெல்டா டைம்’ என்ற விளையாட்டில் 2019இல் ஒரு டிஜிட்டல் கார் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2022 மார்ச்சில் உரிமம் புதுப்பிக்கப்படாமையால் அவ்விளையாட்டு மூடப்பட்டது. வாங்கியோருக்கு மாற்றாக வேறு டிஜிட்டல் பொருள்கள் வழங்கப்பட்டன. ஆயினும் அந்தக் காரை ஓட்டக் களமில்லை. ‘டிராஃப்ட்கிங்ஸ்’ என்னும் அமெரிக்க நிறுவனமும் சட்டச் சூழலைக் காரணங்காட்டி 2024 ஜூலையில் தன் அட்டைச் சந்தையை மூடிவிட்டது.

இவ்விடத்தில் நம் ஊரின் கதை ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1930இல் நா. பொன்னையா அவர்களாற் சுன்னாகத்தில் தொடங்கப்பட்ட ‘ஈழகேசரி’ 1958இல் நின்றது. பத்திரிகை நின்றதேயன்றி வாங்கியவரின் இதழ் மறையவில்லை. எவரெவர் வீட்டிலோ பேணப்பட்ட பிரதிகள் பிற்காலத்தில் நூலகங்களைச் சேர்ந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தில் அவ்விதழ்கள் பலவற்றை எவரும் இன்று இலவசமாகப் படிக்கலாம். ஆகவே டிஜிட்டல் என்பதனாலேயே ஒரு பொருள் நிலையாது என்று நாம் கூறோம். பேணுவோர் பலராய் இருப்பின் அது வாழும். ஒரே வணிகரின் கையில் இருப்பின் அவர் கடையோடு அது போகும்.

ஆதலால் பெற்றோர்க்கு நாம் கூறுவது ஒன்று. பிள்ளையை வைது பயனில்லை. அவன் அருகில் அமர்ந்து, இந்த நிறுவனம் நாளை மூடப்பட்டால் உன்னிடம் யாது மிஞ்சும் என்று அமைதியாக வினவுங்கள். மூடிய உறையை வாங்குவது அதிர்ஷ்டச் சீட்டுக்கு நெருங்கிய உறவென்பதையும், மெய்ந்நிகர் நாணயங்களைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2022 உட்படப் பலமுறை எச்சரித்துள்ளது என்பதையும் அவனுக்கு எடுத்துக் கூறுங்கள். ஒரு கோப்பைத் தேநீரின் விலையளவில், விளையாட்டாக வாங்கி மகிழ்ந்தால் கேடில்லை. முதலீடென்று எண்ணிக் கனடாவிலிருந்து மாமன் படிப்புக்கு அனுப்பிய பணத்தை அதில் இடுவானாயின், அன்றே தடுத்தல் வேண்டும். அப்பணத்துக்குப் பின்னால் குளிரில் இரவுவேலை செய்த ஒருவரின் உழைப்பு இருக்கின்றது.