அடைப்புக்குறி அறியாதவர் எழுதக்கூடாதா?

விக்கிப்பீடியாவில் காட்சித் தொகுப்பியைக் கொண்டு எழுதுவோரைச் சற்றுக் கீழாக நோக்கும் மனப்போக்கு தமிழ்க் கணினி ஆர்வலரிடையேயும் கல்விப்புலத்திலும் இன்னும் அகலவில்லை. பக்கத்தின் மூல நிரலைப் படிக்கத் தெரிந்தவரே அதைத் தொட வேண்டும், எளிய வழியைத் திறந்துவிட்டால் தரம் தாழும் என்பது இம்மனப்போக்கின் சாரம். இது வரலாற்றுக்கும் ஒவ்வாதது, தமிழின் இயல்புக்கும் ஒவ்வாதது. இதனால் இழப்பவர் யார் என்பது சின்னக்கானல் போன்ற ஓர் ஊரை முன்வைத்துப் பார்க்கும்போது தெளிவாகும்.

முதலில் வரலாறு. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவி வாசிப்பதற்கு மட்டுமான கருவி அன்று. பக்கத்தைப் பார்த்தபடியே அதில் எழுதவும் இணைப்பிடவும் அதில் இயன்றது. குறிச்சொற்களை மனிதர் கையால் எழுத நேரும் என்பது அதன் வடிவமைப்பில் முதன்மை பெறவில்லை. 1993-இல் வந்து உலகெங்கும் பரவிய மொசைக் உலாவி வாசிப்பை எளிதாக்கியது, தொகுக்கும் வசதியை விட்டுவிட்டது. எழுதுவோர் சிலர், வாசிப்போர் பலர் என்ற பிரிவு அங்கிருந்து வலுத்தது. 1995-இல் வார்டு கன்னிங்காம் விக்கியை அமைத்தபோது அப்பிரிவைக் குறைப்பதே நோக்கம். எச்.டி.எம்.எல். அறியாதவரும் எழுதத்தக்க எளிய குறியீடுகளை அவர் தந்தார். ஆக, இன்று அறிவாளரின் அடையாளமாகக் காட்டப்படும் விக்கி நிரலே தன் காலத்தில் எளியோருக்கான குறுக்குவழியாகப் பிறந்ததுதான். வார்ப்புருக்களும் அட்டவணைகளும் மேற்கோள் குறிகளும் பெருகி அது மீண்டும் புதியவர் நுழைய அஞ்சும் காடாயிற்று.

அடுத்தது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்பிலிட்டால் பெரும்பாலும் இணைப்பு முடிந்துவிடும், பன்மை விகுதி வந்தாலும் வெளியே ஒட்டிக்கொள்ளும். தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறே மாறுகிறது. ‘மூணாறு’ ‘மூணாற்றில்’ ஆகிறது, ‘சின்னக்கானல்’ ‘சின்னக்கானலில்’ ஆகிறது. எனவே மூல நிரலில் எழுதுபவர் ஒவ்வோர் இணைப்புக்கும் தலைப்பை ஒருமுறை, செங்குத்துக் கோட்டுக்குப் பின் வாக்கியத்தில் நிற்கும் வடிவத்தை ஒருமுறை என [[மூணாறு|மூணாற்றில்]] என்று இருமுறை தட்டச்சிட வேண்டும். கைப்பேசியில் எழுதுபவர் அடைப்புக்குறிக்காகத் தமிழ் விசைப்பலகையைவிட்டுக் குறியீட்டுப் பலகைக்குச் சென்று திரும்ப வேண்டும். காட்சித் தொகுப்பியில் எழுதிய சொல்லைத் தெரிவுசெய்து சேரவேண்டிய கட்டுரையைச் சுட்டினால் போதும். ஆங்கிலத்துக்கு இது வசதி. தமிழுக்கோ ஏறக்குறைய இலக்கணத் தேவை.

தரம் தாழும் என்ற அச்சத்தையும் எடைபோடத்தான் வேண்டும். 2013 சூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் காட்சித் தொகுப்பி இயல்பிருப்பாக்கப்பட்டபோது அது மெதுவாக இயங்கியது, தேவையற்ற குறிகளைக் கட்டுரைகளில் சிதறவிட்டது. எதிர்ப்பு எழுந்து அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது விருப்பத்தேர்வாக மாற்றப்பட்டது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் அது முதிராத கருவியின் மீதான கண்டனம். அதைக் கருவியைப் பயன்படுத்துவோரின் மீதான தீர்ப்பாக நீட்டிப்பது முறையன்று.

தமிழ் விக்கிப்பீடியாவின் பட்டறிவு வேறொன்றையும் சொல்கிறது. அதன் தரம் குறித்த பெருங்கவலைகளுள் ஒன்று, 2009-ஐ ஒட்டி கூகுள் முன்னெடுத்த மொழிபெயர்ப்புத் திட்டத்தின்போது எழுந்தது. ஆங்கிலக் கட்டுரைகள் இயந்திரத் துணையோடு பெயர்க்கப்பட்டு, தமிழ்போல் தோன்றித் தமிழாகாத நடையில் குவிந்தன. 2010-இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் தமிழ்ப் பங்களிப்பாளரின் மனக்குறை பேசப்பட்டது. காட்சித் தொகுப்பி அப்போது பிறக்கவே இல்லை. எழுதப்படும் பொருளோடும் வாசகரோடும் உறவற்றவர் எண்ணிக்கைக்காக எழுதும்போது தரம் கெடுகிறது. அடைப்புக்குறி அறியாமை அதற்குக் காரணமாக இருந்ததில்லை.

இனி சின்னக்கானல். இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில் தேயிலையும் ஏலமும் சூழ்ந்த ஊர். ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும் சூரியநெல்லியும் அருகே. தலைமுறைகளாகத் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் லயங்களில் வாழ்கின்றனர், பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன. போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி மாவட்டம். 1956-இன் மொழிவழி எல்லைக்கோடு மேற்கே நிறுத்திவிட்ட தமிழர் நிலங்களுள் இதுவும் ஒன்று. மாநில நிருவாகத்தின் மொழி மலையாளம், ஆய்வுலகின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், வீட்டின் மொழி தமிழ்.

இவ்வூரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது 2023 ஏப்ரல் 29 அன்று, அரிக்கொம்பன் என்ற யானை இங்கே மயக்க ஊசியிட்டுப் பிடிக்கப்பட்டபோது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அது மே இறுதியில் கம்பம் நகருக்குள் வந்ததும், சூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு செல்லப்பட்டதும் நாளேடுகளில் விரிவாக வந்தன. அந்த யானை மீண்டும் மீண்டும் உடைத்த பன்னியார் தோட்டத்து நியாயவிலைக் கடையை நம்பி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அண்டையிலுள்ள மூணாற்றில் 2015-இல் தமிழ்ப் பெண் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுப் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டதும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டதும் இதே மலை வாழ்வின் பகுதிகள். இவற்றைத் தமிழில் எழுத மிகத் தகுதியானவர் லயங்களில் வளர்ந்து போடியிலும் தேனியிலும் மூணாற்றிலும் கல்லூரி பயிலும் மாணவர். அவர்கள் கையில் இருப்பது கைப்பேசி. அவர்களிடம் முதலில் நிரலைக் கற்றுவா என்று சொல்வது, மலையை அறிந்தவரை வெளியே நிறுத்திக் குறியீடு அறிந்தவரை உள்ளே அழைப்பதாகும்.

ஆயினும் காட்சித் தொகுப்பியைப் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. அதன் எளிமையிலேயே ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. இணைய முகவரியை இட்டால் மேற்கோளைத் தானே அமைத்துத் தருகிறது அக்கருவி. நூல்விவரத் தரவைச் செம்மையாக வைத்திருக்கும் ஆங்கில நாளேட்டுக்கு அது உடனே இணங்கும். தமிழ்ச் சிற்றிதழுக்கும் தொழிற்சங்கத் துண்டறிக்கைக்கும் பழைய அச்சு நூலுக்கும் அவ்வாறு இணங்காது, விவரங்களைக் கையால் நிரப்ப வேண்டும். எளிதாகக் கிடைப்பதே சான்றாகும்போது சின்னக்கானல் அருவியும் விடுதியும் யானையுமாகச் சுருங்கிப்போகும். வார்ப்புருக்களிலும் இதே நிலை. அவற்றுக்குரிய விளக்கத் தரவு தமிழில் எழுதப்படாதவரை, படிவத்தைத் திறக்கும் மாணவர் காண்பது ஆங்கில அளவுருப் பெயர்களையே.

இவ்விரு குறைகளையும் தீர்க்கும் பொறுப்பு மாணவருடையதன்று. வார்ப்புருக்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதுவது நிரலறிந்தோர் கடமை. தம் திறமையைக் காவலாக நிறுத்துவதற்குப் பதிலாகப் படிக்கட்டாக அமைக்க அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. சான்றுகளைத் திறந்து வைப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. விக்கிப்பீடியா நேரடிப் பட்டறிவை ஏற்பதில்லை, வெளியான சான்றையே கேட்கிறது. அவ்விதி சரியானதே. ஆனால் மலைத்தோட்டத் தமிழர் குறித்த ஆய்வேடுகள் நூலக அடுக்கில் முடங்கினாலோ, ஷோத்கங்கா தளத்தில் சொல் தேட இயலாத வருடற்படங்களாகக் கிடந்தாலோ, லயத்து மாணவர் எதைச் சுட்டுவார்? சான்றில்லை என்று அவருடைய வரியை நீக்கும் கை, சான்றைப் பூட்டிவைத்த கல்விப்புலத்தைக் கேள்வி கேட்பதில்லை.

கணினித் தமிழ்ப் பாடத்தில் குறிச்சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து மூன்று மணிநேரத் தேர்வில் எழுதவைக்கும் வழக்கத்தையும் இங்கேயே கேட்டாக வேண்டும். அத்தேர்வில் முழு மதிப்பெண் பெற்ற மாணவர் தம் ஊரைப் பற்றி ஒரு பக்கமும் எழுதாமலே பட்டம் பெற இயலும். அந்த இடத்தில் ஒரு பருவம் முழுதும் ஒரே பணி தரப்படட்டும்: தம் ஊரைப் பற்றிய ஒரு கட்டுரை, ஐந்து அச்சுச் சான்றுகள், அவற்றுள் மூன்றேனும் தமிழில். காட்சித் தொகுப்பியில் எழுதட்டும், ஆசிரியர் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு திருத்தத்தையும் மதிப்பிடட்டும். நிரல் தேவைப்படும் இடம் வரும்போது நிரலையும் கற்பார்கள், தேவை முன்னே வந்தால் கல்வி பின்னே வரும்.

மாணவர் எந்தக் கருவியால் எழுதினார் என்பது வாசகருக்குத் தெரியப்போவதில்லை. சின்னக்கானலைப் பற்றித் தமிழில் என்ன எழுதப்பட்டது, யார் எழுதாமல் விடப்பட்டார் என்பவையே நிற்கும்.