சுவரோடு ஒட்டாதீர்கள், சுவாமி!

பெட்டிக்குள் பலகை பலகையாக வந்து, நாமே திருகிக் கோத்துக்கொள்ளும் ரெடிமேட் அலமாரி இருக்கிறதே, அதை வாங்கி, கட்டும்போதே சுவரோடு சேர்த்துக் கட்டின மாதிரி தெரியும்படி செய்வது இப்போது பெரிய மோகமாகிவிட்டது. எங்கள் நங்கநல்லூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தே நாலு வீட்டில் இந்த வேலை நடந்திருக்கிறது. நாலிலும் செய்தவர்கள் என் வயதுக்காரர்கள். பொழுது இருக்கிறது, பிள்ளை வாங்கிக் கொடுத்த டிரில்லிங் மெஷின் இருக்கிறது, வழிகாட்ட யூட்யூபில் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். கையால் வேலை செய்வதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்கும் பிள்ளைகளைத்தான் குறை சொல்வேன். என் சண்டை வேறு. அலமாரியைச் சுவரோடு பசை போட்டு ஒட்டி, இடுக்கெல்லாம் சிலிக்கானும் பட்டியும் வைத்துப் பூசி, இனி கடப்பாரை இல்லாமல் வெளியே வராது என்கிற நிலைக்குக் கொண்டுபோய், அதன் முன்னால் நின்று போட்டோ வேறு எடுத்துக்கொள்கிறார்களே, அதோடு.

இந்தச் சாமானின் பிறப்பை நினைத்துப் பாருங்கள். 1956-ல் ஸ்வீடனில் ஐகியா கம்பெனியில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர், ஒரு மேஜை காருக்குள் போகவில்லை என்று அதன் காலைக் கழற்றி எடுத்துப் போனதிலிருந்துதான் தங்கள் தட்டைப் பெட்டி வியாபாரமே வளர்ந்தது என்று அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. கழற்றலாம், மாட்டலாம், தூக்கிக்கொண்டு போகலாம். இவ்வளவுதான் இதன் குலப்பெருமை. மற்றபடி மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் பிசைந்து அழுத்தி, மேலே காகிதம் ஒட்டின பலகை. தாத்தா பேரனுக்கு விட்டுப்போகும் தேக்குப் பெட்டி கிடையாது. அதற்கு இருக்கிற ஒரே சௌகரியத்தையும் பசை ஊற்றி மூடிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இதில் வேடிக்கை, சுவரில் பதித்த அலமாரி நமக்குப் புதிதே அல்ல. அறுபது எழுபதுகளில் கட்டின நம் வீடுகளில் மாடம் இருந்தது, கனத்த சுவரில் பள்ளம் விட்டுக் கடப்பைக் கல் பதித்த ஷெல்ஃப் இருந்தது, அதற்கு ஒரு ஜோடி மரக்கதவு இருந்தது, ஏழடி உயரத்தில் கான்கிரீட் பரண் இருந்தது. கடப்பைக் கல்லைக் கரையான் தின்னாது. தண்ணீர் பட்டால் துடைத்துவிட்டுப் போகலாம். அப்புறம் அடுக்குமாடி வந்தது. சுவர் மெலிந்தது, ஷெல்ஃப் போயிற்று, பரணும் போயிற்று. வெறும் நாலு சுவரைக் கையில் கொடுத்து, 'இன்டீரியர் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். எடுத்துப் போனதையே இப்போது மரத்தூளில் நகல் எடுத்து, நம் காசில், நம் கையாலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்து ஷெல்ஃப் சுவரே தான். இது சுவர் வேஷம் போடுகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வீடியோக்களில் வரும் சுவரும் நம் சுவரும் ஒன்றல்ல. அங்கே பல வீடுகளில் உள்சுவர் என்றால் மரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தது. கீழே ஓடும் ஸ்கர்ட்டிங் வெறும் மரப்பட்டை. நெம்பி எடுத்துவிட்டு அலமாரியைச் சுவரோடு அழுத்தி வைக்கிறார்கள். குளிருக்காக வீட்டைச் சூடேற்றி உள்காற்றை உலர வைத்திருப்பவர்கள். நமக்குச் செங்கல் சுவர், மேலே சிமெண்டுப் பூச்சு, கீழே டைல் ஸ்கர்ட்டிங், அதுவும் அரை அங்குலம் முன்னால் துருத்திக்கொண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழைச்சாரல் வாங்கும் வெளிச்சுவர் ஓதம் காக்கும். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் குளியலறை, அதில் ஒரு பழைய குழாய். அந்தச் சுவரின் மேல், பின்பக்கம் மெல்லிய அட்டை மட்டும் உள்ள ஒரு பெட்டியை ஒட்டி நிறுத்தி, நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் எங்கே போகும்? அட்டைக்குள் போகும், பலகைக்குள் போகும், கடைசியில் முகூர்த்தப் பட்டுப்புடவைக்குள் போகும். பாச்சை உருண்டை போட்டால் பூஞ்சை வாசனை அடங்கும், பூஞ்சை அடங்காது.

கரையான் கதை இன்னும் மோசம். கரையான் வருவதற்கு முன்னால் மண் கோடு போட்டுக்கொண்டு வரும். சுவரில் அந்தக் கோடு கண்ணில் பட்டால் அன்றைக்கே மருந்தடித்து நிறுத்தலாம். சேலையூரில் ஒரு நண்பர், அலமாரிக்கு இரண்டு பக்கமும் மேலேயும் ஒரு இடுக்கு விடாமல் அழகாகப் பூசி வைத்திருந்தார். நிஜமாகவே அழகுதான். பார்த்தவர்கள் ஆசாரி யார் என்று கேட்டார்கள். கோடு எல்லாம் பின்னால், இருட்டில், யார் கண்ணிலும் படாமல் ஏறியிருக்கிறது. கீழ்த்தட்டில் ஃபைலை எடுக்கப் போனபோது ஃபைல் அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது வீட்டுப் பத்திரம். பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம் என்று நான் தைரியம் சொன்னேன், வாங்கியும் விட்டார். ஆனால் அவருடைய அப்பா கைப்பட எழுதின கணக்கு நோட்டு ஒன்றும் அதில் இருந்தது. அதற்கு எந்த ஆபீசில் நகல் கிடைக்கும்? அலமாரியை வெளியே எடுக்க இரண்டு ஆள் வந்து உடைத்தார்கள். சுவர்ப்பூச்சும் கூடவே வந்தது.

வெள்ளத்தை நான் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். இரும்பு பீரோவைத் தண்ணீர் வடிந்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, பெயிண்ட் அடித்து இன்றைக்கும் வைத்திருப்பவர்கள் உண்டு. மரத்தூள் பலகை ஒரு ராத்திரி தண்ணீரில் நின்றால் ஊறின ரஸ்க் மாதிரி உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் தனியாக நிற்கும் அலமாரியைக் காலி செய்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செங்கல் மேலோ கட்டில் மேலோ ஏற்றலாம். சுவரோடு ஒட்டினதை என்ன செய்வது? பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"அப்படியானால் சுவரில் பிடிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். பிடிக்கத்தான் வேண்டும், கட்டாயம் வேண்டும். 2016-ல் அமெரிக்காவில் ஐகியா சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. சுவரில் பிணைக்காமல் வைத்தவை சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். பேரன் பேத்தி வந்து போகிற வீட்டில் இதில் சமாதானமே கிடையாது. ஆனால் பிணைப்பது என்பது ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே இரண்டு எல் வடிவ இரும்புத் துண்டு, சுவரில் ஓட்டை போட்டு பிளக் இறக்கி இறுக்கின திருகாணி. கழற்ற அஞ்சு நிமிஷம். இதற்கும் பசைக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சுவரோடு கட்டின தோற்றம் வேண்டும் என்று கூரை வரைக்கும் பெட்டி மேல் பெட்டி அடுக்குகிறீர்களே, பத்தடி உயரத்தில் இருக்கும் அந்தத் தட்டுக்கு ஏறப்போவது யார்? எழுபது வயதில் ஸ்டூல் மேல் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் சூட்கேஸை இழுத்தால் என்ன நடக்கும் என்பதை எந்த எலும்பு டாக்டரும் சொல்வார். தோற்றம் வேண்டுமென்றால் மேலே வெறும் முகப்புப் பலகை ஒன்று வையுங்கள். உள்ளே காலியாக இருக்கட்டும். எட்டாத இடத்தில் சாமான் வைக்க வேண்டாம்.

நான் எங்கள் வீட்டில் செய்தது என்ன என்று கேட்பவர்களுக்காக. இரண்டு பெட்டிகள். முதலில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து ஏழடிக்குள் முக்கால் அங்குலம் சாய்வு. நம் ஊர்ச் சுவருக்கு இது சாதாரணம். இதனால்தான் பெட்டியைச் சுவரோடு அழுத்தக் கூடாது என்கிறேன். பெட்டி நேராக நிற்க வேண்டும், சுவரின் கோணலைப் பக்கத்துப் பட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிகளுக்கு அடியில், சமையலறை கேபினெட்டுக்குப் போடுவார்களே, அந்த நாலு அங்குல பிளாஸ்டிக் கால்கள். திருகி உயரத்தைச் சரி செய்யலாம், தரை துடைக்கும் தண்ணீர் பலகையைத் தொடாது. முன்னால் கிளிப்பில் மாட்டும் பட்டை. மாதம் ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன். பின்னால் ஒன்றரை அங்குலம் இடைவெளி, கீழேயும் மேலேயும் காற்றுக்கு வழி. இரண்டு பெட்டியையும் ஒன்றோடொன்று ஆணியால் அடிக்காமல், நட்டு போல்ட் போட்டுப் பிணைத்தேன். மரத்தூள் பலகையில் ஆணியோ சாதாரண மரத் திருகோ இரண்டாம் தடவை அதே ஓட்டையில் பிடிக்காது.

பக்கத்துப் பட்டைகளைச் சுவரின் கோணலுக்கு ஏற்றபடி கோடு கிழித்து, இழைப்புளியால் சீவிப் பொருத்தினேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் எனக்குப் பரம சந்தோஷம். பட்டைக்கு மரத்தூள் பலகை வேண்டாம், வெட்டின ஓரம் தண்ணீர் குடிக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் துண்டு வாங்குங்கள். பட்டைகளும் மேல் முகப்பும் உள்பக்கத்திலிருந்து திருகினவை. சுவரின் நிறமே அதற்கும். மேலே ஒட்டின காகிதத்தின் மீது பெயிண்ட் நேரடியாக நிற்காது. லேசாக உப்புத்தாள் தேய்த்து, வழவழப்பில் பிடிக்கும் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டுத்தான் நிறம். கதவுக் கீலுக்கு 35 மி.மீ. குழி என்பது எங்கும் ஒரே அளவு. அதனால் கீல் போனாலும் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே வாங்கலாம்.

வாசலில் நின்று பார்த்தால் கட்டின அலமாரி மாதிரியே இருக்கிறது. கிட்டே போனால் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். "அந்தக் கோட்டையும் அடைச்சிருந்தா சூப்பரா இருந்திருக்கும் மாமா" என்றான் என் மருமான். அந்தக் கோடு வழியாகத்தான்டா அது மூச்சு விடுகிறது என்றேன். தூசி போகும், பல்லி போகும் என்றும் சொல்கிறார்கள். போகட்டுமே. பல்லி இல்லாத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? தூசியைப் பட்டையைக் கழற்றித் துடைக்கலாம். அடைத்துவிட்டால் அதுவும் முடியாது.

நம் வயதில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னொரு தடவை வீடு மாறுவோம். பிள்ளையோடு பெங்களூருக்கோ, கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புக்கோ, மாடி ஏற முடியாமல் தரைத்தளத்துக்கோ. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதற்கும் முன்பே. அப்போது ஒட்டின அலமாரி வீட்டுக்காரருக்குத் தானம், அதுவும் அவர் 'சுவரைப் பழையபடி ஆக்கிக் கொடுங்கள்' என்று சொல்லாமல் இருந்தால். நாமே இல்லாமல் போய், ஒருத்தர் மட்டும் மிச்சம் இருந்து சாமானைக் கட்டவேண்டி வந்தால்? அந்த ஒருத்தர் பெரும்பாலும் நம் மனைவிமார்கள். அவர்களைக் கடப்பாரைக்காரர்களோடு பேரம் பேச விடலாமா?

பெட்டியோடு வந்த எல் கீ, படம் போட்ட தாள், மீந்த திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடது கதவின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தத் திருகு முதலில், எது கடைசியில் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதியும் இருக்கிறது. உங்கள் அலமாரி இன்னும் பூசப்படாமல் இருந்தால் நீங்களும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.