யாழ்ப்பாணம் எப்ப ஒரே பக்கம் நிண்டது?

2024 நவம்பர் பொதுத் தேர்தல் முடிவு வந்த அண்டு தொடங்கின புலம்பல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. "யாழ்ப்பாணமே திசைகாட்டிக்குப் போட்டிட்டுது, இனி என்ன இருக்கு" எண்டு கலியாண வீட்டிலும் கதை, செத்த வீட்டிலும் கதை. பெரியாக்கள் பேசுற தொனியில ஒரு குற்றச்சாட்டு இருக்கு. எழுபது எண்பது வருசமா ஒரே குரலில பேசின ஊரை இந்தக் காலத்துப் பிள்ளையள் கெடுத்துப்போட்டினமாம்.

எனக்குக் கேள்வி ஒண்டுதான். அந்த ஒரே குரல் எப்ப கேட்டது?

இப்ப நாங்கள் "யாழ்ப்பாணம்" எண்டு சொல்லுறது கிளிநொச்சியும் சேர்ந்த பெரிய தேர்தல் மாவட்டத்தை. அதுக்குள்ள 11 தொகுதிகள். அதில ஒண்டு யாழ்ப்பாணத் தொகுதி, அதாவது நகரம். 1947இல இருந்து 1977 வரைக்கும் அந்த நகரம் தனக்கெண்டு ஒரு ஆளைத் தெரிஞ்சு பாராளுமன்றத்துக்கு அனுப்பினது. அந்த முப்பது வருசக் கணக்கை ஒருக்காப் புரட்டிப் பாருங்கோ.

1947இல ஜீ. ஜீ. பொன்னம்பலம் வந்து அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடிக்கிறார். மகாதேவா சாதாரண ஆள் இல்லை: சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின்ர மகன், அரசாங்க சபையில உள்நாட்டு அமைச்சராக இருந்தவர். அரசோடு ஒட்டி நிக்கிறார் எண்டு அவரை நகரம் தோற்கடிச்சது. அடுத்த வருசமே ஜீ. ஜீ. டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில போய் அமர்ந்திட்டார். மலையகத் தமிழரின்ர குடியுரிமையைப் பறிச்ச காலம் அது. அதனால உடைஞ்ச காங்கிரஸில இருந்துதான் 1949 டிசம்பரில தமிழரசுக் கட்சி பிறந்தது. சரி, நகர மக்கள் ஜீ. ஜீ.யைத் தண்டிச்சவையா? இல்லை. 1952இலயும் அவர்தான் வெண்டார்.

1956 இன்னும் சுவாரசியம். தனிச் சிங்களச் சட்டம் தலைக்கு மேல தொங்கிக்கொண்டிருந்த தேர்தல். தமிழரசுக் கட்சி 10 ஆசனம் எடுத்து வடக்கு கிழக்கின்ர பெரிய தமிழ்க் கட்சியாகுது. சுத்தவர பெரும்பாலான இடம் வீடு, நடுவில நகரம் திரும்பவும் ஜீ. ஜீ.! பிறகு 1960இல மார்ச்சிலயும் யூலையிலயும் இரண்டு தேர்தல். இரண்டிலயும் வெண்டவர் அல்பிரட் துரையப்பா, சுயேச்சை. தமிழரசுக் கட்சியும் இல்லை, காங்கிரஸும் இல்லை. குருநகர், பாசையூர்க் கடற்தொழிலாளர், சோனகதெரு முஸ்லிம்கள், சந்தையில நிண்ட சின்ன வியாபாரியள் எண்டு, மேடைப் பேச்சுக்கு வெளியில இருந்த ஆக்களை அவர் தேடிப் போனவர். வாய்க்காலும் விளக்கும் பற்றிக் கதைச்சவர். 1965இல திரும்ப ஜீ. ஜீ. வாறார்.

ஆக தமிழரசுக் கட்சியின்ர பொற்காலம் எண்டு சொல்லுற காலம் முழுக்க யாழ் நகரம் அந்தக் கட்சிக்குக் கிடைக்கவேயில்லை. 1970இலதான் சி. எக்ஸ். மார்ட்டின் மூலம் கிடைச்சது. அதுவும் துரையப்பாவை நூறு வாக்குகூட இல்லாத வித்தியாசத்தில முந்தி. ஜீ. ஜீ. மூண்டாம் இடம். வெண்டவருக்குப் போட்டவையை விட, போடாதவை கனக்க.

பிறகு 1977. வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் பிறகு வந்த தேர்தல், கூட்டணி அலை, வெ. யோகேஸ்வரன் வெண்டார். அந்த அலையிலயும் ஜீ. ஜீ.யின்ர மகன் குமார் பொன்னம்பலம் சுயேச்சையா நிண்டு பார்த்தவர். ஒரே குரலுக்குக் கிட்ட நகரம் வந்தது எண்டால் இந்த ஒரு தடவைதான். அதுக்குப் பிறகு நகரத்துக்கெண்டு தனி உறுப்பினர் இல்லை. 1982 சர்வஜன வாக்கெடுப்பால பாராளுமன்றத்தின்ர ஆயுளை நீட்டினாங்கள். அடுத்த பொதுத் தேர்தல் 1989இல, மாவட்ட விகிதாசார முறையில.

இந்த வரலாற்றில எனக்குக் கஷ்டமா இருக்கிற பக்கம் வேற. துரையப்பாவை 1975 யூலை 27இல பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலடியில சுட்டாங்கள். அப்ப அவர் மேயர். யோகேஸ்வரனை 1989இல, அமிர்தலிங்கத்தோட சேர்த்து, கொழும்பில. அவரின்ர மனைவி சரோஜினி 1998இல யாழ் மேயராகி சில மாதத்திலேயே. குமாரை 2000 ஜனவரியில. சுட்டவங்கள் எல்லாரும் ஒரே ஆக்கள் இல்லை. ஆனா இந்த நகரத்தில வாக்குக் கேட்டு வந்தவையை வாக்கால தோற்கடிக்கலாம் எண்டதை நாங்கள் மெல்ல மெல்ல மறந்தம். தோற்கடிக்க வேண்டியவருக்குப் பெயர் எதிர்வேட்பாளர் இல்லை, துரோகி. 1990 ஒக்டோபரில சோனகதெருவைக் காலி செய்தபோது ஒரு முழு வாக்காளர் கூட்டமே நகரத்தின்ர இடாப்பில இருந்து போச்சு. அதைப் பற்றி "ஒரே குரல்" ஆக்கள் பெரிசாக் கதைக்கிறதில்லை.

மற்றது, வாக்கே இல்லாத தேர்தல்கள். 1994இல இந்த மாவட்டத்தில ஈபிடிபி பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கோட 9 ஆசனம் எடுத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தல் புறக்கணிப்பில மாவட்டத்தில நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கேல்லை. அந்த அமைதியை ஒற்றுமை எண்டு எண்ணினால் கணக்குப் பிழைச்சுப் போகும்.

இப்ப 2024க்கு வருவம். தேசிய மக்கள் சக்திக்கு மாவட்டத்தில 80,830 வாக்கு. கிட்டத்தட்ட நாலில ஒரு பங்கு. ஆசனமோ ஆறில மூண்டு. முதலிடத்துக்குக் கிடைக்கிற போனஸ் ஆசனம் ஒண்டு, மிச்சம் வீடு, சைக்கிள், சங்கு, வீணை, ஊசி எண்டு எங்கட வாக்கு சிதறினதால வந்த லாபம். நாலில மூண்டு பங்கு ஆக்கள் திசைகாட்டிக்குப் போடேல்லை. ஆகவே "யாழ்ப்பாணம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுது" எண்ட தெற்கின்ர கொண்டாட்டமும் பிழை, எங்கட பெரியாக்களின்ர ஒப்பாரியும் பிழை.

நான் திசைகாட்டிக்குப் போடேல்லை. போட்ட என்ர சிநேகிதப் பெடியள் சிலரைத் தெரியும். அவங்கள் கேட்ட கேள்வி, எங்கட வீட்டுக்கு முன்னால இருக்கிற வாய்க்கால் ஏன் ஒவ்வொரு மாரிக்கும் நிரம்பி வழியுது எண்டது. 1960இல துரையப்பாவுக்குப் போட்டவையும் இதுக்குக் கிட்டத்தான் ஏதோ கேட்டிருப்பினம். அரசியல் தீர்வு பற்றிப் பேசுற கட்சியள் அந்த வாய்க்காலுக்கும் பதில் சொல்ல ஏலாது எண்டு எந்தச் சட்டத்தில இருக்கு?

அடுத்த முறை முடிவு வரேக்க மாவட்ட மொத்தத்தோட நிறுத்தாமல், யாழ்ப்பாணத் தொகுதி முடிவைத் தனியா எடுத்துப் பாருங்கோ. தேர்தல் ஆணைக்குழு 11 தொகுதிக்கும் வேற வேறயாத்தான் வெளியிடுது. பக்கத்தில 1956ஐயும் 1970ஐயும் வைச்சுக்கொண்டு, பிறகு சண்டைக்கு வாங்கோ.