பாட்டி ஊற்றும் தண்ணீரும் ஜன்னலோர ஆர்க்கிட்டும்

புது வீட்டில் பால் காய்ச்சினாலும் சரி, பிள்ளையின் பிறந்தநாள் என்றாலும் சரி, இப்போதெல்லாம் பழத்தட்டோடு ஒரு ஆர்க்கிட் தொட்டியும் வந்துவிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடித் தாள் சுற்றி வைத்திருப்பாங்களே, நீளத் தண்டில் வெள்ளையோ ஊதாவோ பூக்கள் வரிசையாக நிற்கும், அதுதான். பக்கத்து அலமாரியில் சின்னத் தொட்டியில் ஐவிக் கொடி இருக்கும். விலை குறைவு என்று அதையும் வாங்கிடுவோம். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் ஒரே ஜன்னலில் உட்காரும், ஒரே சொம்பிலிருந்து தண்ணீர் குடிக்கும். மூன்று மாதத்தில் ஒன்று வாடும். சில வீடுகளில் இரண்டுமே போய்விடும்.

"நமக்குச் செடி ராசியே இல்லை" என்று தொட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்றேன். இதில் ராசி ஒன்றும் இல்லை. இரண்டு செடிக்கும் பிறந்த இடம் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஆர்க்கிட். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஃபலனாப்சிஸ் என்ற வகை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் பக்கத்து வெப்பக் காடுகள்தான் இதன் சொந்த ஊர். அங்கே இது மண்ணில் வளராது. மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மரத்தின் சத்தை உறிஞ்சாது, நிற்க இடம் மட்டும் எடுத்துக்கொள்ளும். நம்ம ஊர் மாமரங்களில் ஒட்டி வளரும் வாண்டா ஆர்க்கிட்டுக்கும் இதே பழக்கம்தான். மழை பெய்தால் வேர் நனையும், காற்று அடித்தால் காயும். அதனால்தான் தொட்டிக்குள் மண் இல்லாமல் மரப்பட்டைத் துண்டுகள் போட்டிருக்காங்க. எப்போதும் ஈரத்திலேயே இருந்தால் வேர் அழுகிவிடும்.

எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்பதை வேரே சொல்லிவிடும். உள்தொட்டி பெரும்பாலும் தெளிவான பிளாஸ்டிக்கில் இருக்கும். வேர் வெள்ளி மாதிரி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தாகம். பச்சையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். பொதுவாக 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை போதும். அழகுக்காக வைத்திருக்கும் வெளித்தொட்டியிலிருந்து எடுத்து, சிங்க்கில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்க. 15 நிமிடம் நன்றாக வடியவிட்டுத் திரும்ப வைங்க. வெளித்தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துடுங்க. இடம்? காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் நல்லது. உச்சிவெயில் இலையைச் சுட்டுவிடும்.

பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். பிறகு உதிரும். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் செடி செத்துவிட்டது என்று குப்பையில் போடுறாங்க. அது சாகவில்லை, ஓய்வெடுக்குது. தண்டு பச்சையாக இருந்தால், கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்க. அங்கிருந்தே மறுபடி கிளைத்துப் பூக்கலாம். தண்டு காய்ந்திருந்தால் அடியோடு வெட்டிடுங்க. இலையுதிர் காலத்தில் சில வாரம் இரவுக் குளிர் 16 டிகிரி பக்கம் இருந்தால் புதுத் தண்டு வரத் தூண்டும். ஜன்னலோரக் குளிரே பல வீடுகளில் அதற்குப் போதும். பூ வர மாதக்கணக்கில் ஆகும், காத்திருக்கணும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மரப்பட்டையைப் புதிதாக மாற்றுங்க.

ஐவிக்குக் கதையே வேறு. அது ஐரோப்பியக் காட்டுத் தரையில், மர நிழலில் படர்ந்து, தண்டிலிருந்து வரும் குட்டி வேர்களால் மரத்தையும் சுவரையும் பற்றி ஏறும் கொடி. குளிர் அதற்குப் பிடிக்கும். நாம் சௌகரியமாக உட்காரும் சூடான ஹால்தான் அதற்குக் கஷ்டம். 10 முதல் 18 டிகிரி வரை இருக்கும் வாசல் பக்கமோ மாடிப்படி ஜன்னலோ அதற்குச் சுகம். இதற்கு மண் வேணும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் ஊற்றுங்க, ஈரமாக இருந்தால் விட்டுடுங்க.

குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வறண்டுபோகும்போது ஐவிக்குச் சிலந்திப் பேன் வரும். இலையில் வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. பயப்பட வேண்டாம். தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், இலையின் இரண்டு பக்கமும் ஷவரில் கழுவுங்க. சில வாரம் வாராவாரம் இதைச் செய்து, குளிர்ந்த இடத்துக்கும் மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஐவி இலையைத் தின்றால் வாய் எரியும், வயிறு கலங்கும். அதன் சாறு சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்க, இல்லாவிட்டால் இப்போதைக்கு வாங்காதீங்க. வெட்டும்போது கையுறை போடுங்க. பிள்ளை தின்றுவிட்டால் வாயைக் கழுவிவிட்டு, உங்க நாட்டு விஷ முறிவு உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க. அந்த எண் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கட்டும். ஃபலனாப்சிஸ் பூனைக்கும் நாய்க்கும் விஷமில்லாத செடி. அந்த விதத்தில் கவலை குறைவு.

வெட்டிய ஐவித் துண்டை வீட்டுக்கு வெளியே வீசாதீங்க. பிரிட்டனில் அது சொந்தச் செடி. இலையுதிர் காலத்தில் மற்ற பூக்கள் முடிந்தபிறகு தேனீக்களுக்குத் தேன் கொடுப்பது அதுதான். அமெரிக்காவின் ஓரிகனிலோ காட்டையே மூடிவிடும் களை, விற்கவே தடை. ஒரே கொடிதான். ஓரிடத்தில் உதவி, இன்னோரிடத்தில் தொல்லை.

இனி பாட்டி விஷயம். அம்மாவோ அம்மம்மாவோ மூன்று மாதம் வந்து தங்கும்போது, காலையில் குளித்துவிட்டு எல்லாத் தொட்டிக்கும் ஒரு சொம்பு ஊற்றுவாங்க. அது தவறான பழக்கம் இல்லை. 35 டிகிரி வெயிலில் மொட்டைமாடி மல்லிகைத் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும், தினமும் ஊற்றித்தான் ஆகணும். அந்த ஊருக்கு அது சரியான கணக்கு. இந்த ஜன்னலுக்குத்தான் பொருந்தாது. ஆனால் "அம்மா, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டால், ஏற்கெனவே கடைக்குத் தனியாகப் போக முடியாமல் இருக்கிறவங்களுக்கு வீட்டில் இருந்த ஒரே சொந்த வேலையும் போய்விடும்.

அதனால் வேலையைப் பறிக்காமல் பிரித்துக் கொடுங்க. மண்ணைத் தொட்டுப் பார்ப்பது பாட்டிக்குக் கைவந்த கலை. ஐவி அவங்க பொறுப்பு. ஆர்க்கிட் வேரின் நிறம் பார்ப்பது பேரப்பிள்ளை பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை "பாட்டி, வேர் வெள்ளையாயிடுச்சு" என்று பிள்ளை வந்து சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்து சிங்க்குக்குத் தூக்கிட்டுப் போகட்டும். எந்தச் செடிக்கு எப்போது, ஏன் என்று பிள்ளை விளக்க வேண்டியிருக்கும். தமிழில்தான் விளக்கணும், பாட்டி கேட்கிறாங்களே!

சீக்கிரம் பலன் தெரியணும் என்று துடிக்கும் பிள்ளைக்கு இன்னொரு வேலையும் இருக்கு. ஐவியில் ஒரு சாண் துண்டை நீங்க வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைங்க. இரண்டு முதல் நான்கு வாரத்தில் வெள்ளை வேர் இறங்குவதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கும். வேர் விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். பாட்டி ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு தொட்டி தயாராகிவிடும்.

அடுத்த முறை, கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலம் தாண்ட வைப்பது பற்றிப் பேசலாம்.