எண்ணும் அதன் சட்டையும்

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவர் நால்வர் ஒரு சோதனை செய்து வைத்திருந்தனர். மண்பானையில் வைத்த நீர் எவ்வளவு குளிர்கிறது, எவர்சில்வர் குடத்தில் வைத்த நீர் எவ்வளவு குளிர்கிறது என்பதே சோதனை. அரை மணிக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து, ஆளுக்கு இரண்டு நாள் வீதம் எட்டு நாள் பாடுபட்டிருந்தார்கள். அளவுகளைக் கணிப்பொறியில் விரிதாளாக அமைத்திருந்தார்கள்.

அந்த அட்டவணையில் ஓரிடத்தில் என் கண் நின்றது. பானை நீரின் வெப்பநிலை 26 டிகிரியிலிருந்து திடீரென்று 31க்குத் தாவி, அரை மணியில் மறுபடியும் 26க்கு இறங்கியிருந்தது. பானைத் தண்ணீர் அப்படிச் செய்யுமா? கேட்டேன். அளவெடுத்த மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வெப்பமானியை வெளியே எடுத்து வெச்சிட்டுப் பார்த்துட்டேன் சார். தப்புன்னு அப்பவே தெரியும். அதனால அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் அடிச்சு வெச்சேன். இப்போ மஞ்சளைக் காணோம்."

மஞ்சள் எங்கே போயிற்று? நால்வரும் தனித்தனியே எழுதிய அட்டவணைகளை ஒன்றாக ஒட்டியபோது, ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்றில் பெரிய எழுத்து என்று அது கந்தல் போர்வையாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அக்கா ஒருத்தி உதவிக்கு வந்து, ஒப்பனையை விட்டுவிட்டு எண்களை மட்டும் படியெடுத்துப் புதிய தாளில் ஒட்டிக் கொடுத்தாளாம். தாள் பளிச்சென்று ஆயிற்று. மஞ்சளும் போயிற்று. தவறான அளவுகள் நல்ல அளவுகளோடு கலந்து, சராசரியையும் கெடுத்துவிட்டன.

"அக்காதான் கெடுத்துட்டாங்க" என்றான் ஒருவன். நான் அப்படி நினைக்கவில்லை. அக்கா செய்ததே சரியான வேலை. எழுத்தில் எழுத வேண்டியதை நிறத்தில் எழுதியதுதான் பிழை. ஏன் என்று பார்ப்போமா?

விரிதாளின் ஒரு கட்டத்தில் நாம் பார்ப்பது ஒன்று. உள்ளே இருப்பது வேறொன்று. மூன்று கட்டங்களில் 33.4, 33.3, 33.3 என்று எழுதிக் கூட்டுங்கள்; 100 வரும். இனிப் புள்ளிக்குப் பின் எதுவும் தெரிய வேண்டாம் என்று அமைத்துவிடுங்கள். 33, 33, 33, கூட்டுத்தொகை 100! கணிப்பொறிக்குக் கணக்குத் தெரியவில்லையா? தெரியும். உள்ளே இருக்கும் 33.4 அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் போட்ட சட்டைதான் 33 என்று காட்டுகிறது.

தேதியின் கதை இன்னும் வேடிக்கையானது. 2023 மார்ச் 15 என்று ஒரு கட்டத்தில் தெரிகிறது என்று வைத்துக் கொள்வோம். உள்ளே இருக்கும் எண் 45000. எக்செல் விரிதாள் 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வருகிறது. (1900 லீப் ஆண்டு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். எக்செல் மட்டும் அதை லீப் ஆண்டாகக் கொள்ளும். அதற்கு முன் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் இருந்த பிழை அது. பழைய தாள்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பிழையையும் தெரிந்தே படியெடுத்தார்கள்!)

ஆக ஒரு கட்டத்தில் மதிப்பு இருக்கிறது, அதை வருவிக்கும் சூத்திரம் இருக்கலாம், மேலே ஒப்பனை இருக்கிறது. சாதாரணமாகப் படியெடுத்து ஒட்டினால் மூன்றும் சேர்ந்து வரும். சூத்திரம் புதிய இடத்துக்கு வந்ததும் தன் அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கூட்டத் தொடங்கி, வேறு விடை சொல்லும். "மதிப்பு மட்டும்" என்று கேட்டு ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஒப்பனையைக் களைவதற்கு வேறொரு வழியையும் பலர் கையாள்கிறார்கள். எக்செல் கட்டத்தைப் படியெடுத்து நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மீண்டும் எடுப்பது. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள். படியெடுக்கும்போது கணிப்பொறி ஒரே செய்தியைப் பல வடிவங்களில் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. வாங்குகிறவன் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வான். நோட்பேடுக்கு வெறும் எழுத்து மட்டுமே தெரியும். ஆகவே திரையில் தெரிந்த 33தான் அதற்குக் கிடைக்கும். உள்ளே இருந்த 33.4 தொலைந்தே போயிற்று! தேதியோ நேர்மாறு. நோட்பேடில் அது தேதியாகவே வரும். மதிப்பை மட்டும் வெறுங்கட்டத்தில் ஒட்டினால் 45000 என்று வந்து நிற்கும். ஒரு வழியில் உடல் போய்ச் சட்டை மிஞ்சுகிறது. மற்றதில் சட்டை போய் உடல் மிஞ்சுகிறது.

இது பிள்ளைகளின் கண்காட்சியில் மட்டும் நேர்வதன்று. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானது. அதன் ஒரு பகுதியை பார்க்ளேஸ் வங்கி வாங்க முன்வந்தது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்பது என்று ஒரு விரிதாள் தயாரித்தார்கள். வேண்டாத 179 ஒப்பந்தங்களை அழிக்காமல், அந்த வரிசைகளை மறைத்து மட்டும் வைத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் கொடுப்பதற்காக இரவோடிரவாகத் தாளைச் சீர்படுத்தி வேறு வடிவத்துக்கு மாற்றியபோது மறைந்திருந்த வரிசைகள் வெளியே வந்துவிட்டன. வேண்டாதவையும் வாங்கும் பட்டியலில் சேர்ந்தன. பிறகு அவற்றை நீக்கக் கோரி பார்க்ளேஸ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. "வேண்டாம்" என்ற செய்தியை ஒப்பனையில் வைத்ததன் பலன் இது. நம் மாணவியின் மஞ்சள் நிறத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நாம் போடாத சட்டையைக் கணிப்பொறி தானாகப் போட்டுவிடுவதும் உண்டு. மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. விரிதாளில் அப்பெயர்களை எழுதினால் எக்செல் அவற்றைத் தேதி என்று கொண்டு மாற்றிவிட்டது. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016ல் ஓர் ஆய்வு காட்டியது. முடிவில் 2020ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதி எக்செலில் வந்தது 2023ல்தான். எது எளிதாக இருந்தது பாருங்கள்!

நான் பார்த்த கணிப்பொறி வகுப்புகளில் விரிதாள் பாடம் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறது. தலைப்புக்கு நீலம், கரைக்குத் தடித்த கோடு, அழகான எழுத்து, மதிப்பெண்ணும் அதற்கே. மதிப்பை மட்டும் ஒட்டுவது கடைசியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் நாளே பிள்ளைகள் தங்கள் தாளின் ஒப்பனையை எல்லாம் களைந்து பார்க்கட்டும். புதிய எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். லிபர் ஆபீஸில் அதே விசைகள் ஒரு சிறு சாளரத்தைத் திறக்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். தேதிக் கட்டங்களுக்கு மட்டும் பிறகு தேதி வடிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவும் செய்த பின் தாளில் ஏதாவது செய்தி குறைகிறதா என்று பார்க்கட்டும். குறைந்தால் அச்செய்தி இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது என்று பொருள். அதற்கென ஒரு பத்தி திறந்து சொல்லால் எழுதிவிடலாம். நிறம் பூசக் கூடாதா? தாராளமாகப் பூசலாம், கண்ணுக்கு உதவும். போனால் நட்டமில்லாத நிறமாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"கணிப்பொறிதான் சாயத்தையும் சேர்த்துக் காப்பாற்றக் கூடாதா?" என்று அந்த நால்வரில் ஒருவன் கேட்டான். சாதாரணமாக ஒட்டினால் காப்பாற்றத்தான் செய்கிறது. ஆனால் இன்னொருவன் தன் தாளில் அழகுக்காகப் பூசிய மஞ்சளையும் அது அதே கவனத்தோடு காப்பாற்றும். எது எச்சரிக்கை, எது அலங்காரம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

நல்ல வேளை, அந்த மாணவி அளவெடுத்த அன்றே ஒரு நோட்டிலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். பிற்பகல் அதைத் தேடி எடுத்து வந்தார்கள். அட்டவணையில் "குறிப்பு" என்று ஒரு பத்தியைச் சேர்த்து, ஆறு இடங்களில் "வெப்பமானியை வெளியே எடுத்துப் பார்த்தது" என்று எழுதினார்கள். அந்த ஆறையும் விட்டுவிட்டுச் சராசரியை மறுபடி போட்டபோது பானை நீர் இன்னும் சற்றுக் குளிர்ந்திருந்தது.